புள்ளியை வெட்டாத பொத்தான்: டெஸ்க்டாப் திரைகளை ஏன் மார்க்அப்பில் எழுதுகிறார்கள்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. காரைக்குடியில் கடை வைத்திருக்கும் ஒருவர் இதனால் கணினியை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல வருடமாக ஓடிய பில் மென்பொருள் புதுக் கணினியிலும் திறக்கிறது. ஆனால் எழுத்தெல்லாம் கண்ணாடி போடாமல் பார்த்தது போல மங்கல். சரி, புதிதாகவே எழுதி வாங்கிவிடலாம் என்று ஆளைக் கூப்பிட்டால் அவர், "ஸாமல்ல பண்ணலாம், க்யூஎம்எல்லயும் பண்ணலாம், எலக்ட்ரான்னா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்கிறார். கேட்பவருக்கு மூன்றும் மாத்திரைப் பெயர் மாதிரி இருக்கிறது.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே யோசனைதான். திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை நிரலுக்குள் வரிவரியாகக் கட்டளையிடாமல், தனியாக ஒரு கோப்பில் விவரித்து எழுதுவது. அப்படி விவரிக்க உதவும் மொழிதான் மார்க்அப் மொழி. வலைப்பக்கம் எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் அதில் ஒன்று. கணினியில் நிறுவி ஓட்டும் மென்பொருளுக்கும், அதாவது டெஸ்க்டாப் செயலிக்கும், அதே வழி ஏன் வந்தது, அதனால் நமக்கு என்ன லாபம், என்ன செலவு என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அளந்து வைக்கும் பழைய முறை

1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6 என்ற நிரலெழுதும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளுக்கு எழுதப்பட்ட பில் மென்பொருளில் அதில் பிறந்தவை ஏராளம். அதில் ஒரு படிவத்தின் மேல் பொத்தானை இழுத்துவைத்தால், இடமிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று நான்கு எண்கள் பதிவாகும். அளவு ட்விப் என்ற அலகில். ஓர் அங்குலத்துக்கு 1,440 ட்விப். அந்த எண்கள் பிறகு தானாக மாறாது. ஜன்னலைப் பெரிதாக்கினாலும் பொத்தான் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இதில் மூன்று இடங்களில் சிக்கல் வருகிறது.

1. திரையின் அடர்த்தி. இன்றைய மடிக்கணினித் திரையில் ஓர் அங்குலத்துக்குள் இருக்கும் புள்ளிகள் முன்பைவிட அதிகம். எழுத்து படிக்கும்படி இருக்க விண்டோஸ் எல்லாவற்றையும் 125, 150 சதவீத அளவுக்குப் பெரிதாக்குகிறது. அடர்த்தியைப் பற்றி எதுவும் தெரியாத பழைய செயலியை என்ன செய்வது? அதன் திரையை ஒரு படமாக எடுத்து இழுத்துப் பெரிதாக்குகிறது. அந்த மங்கல் இப்படி வந்ததுதான். உங்கள் கண்ணிலும் கோளாறு இல்லை, புது மானிட்டரிலும் இல்லை.

2. சொல்லின் நீளம். 'சேவ்' என்பதைச் 'சேமி' ஆக்கினால் தப்பித்துவிடலாம். 'கேன்சல்' என்பது 'ரத்து செய்' ஆகும்போது இடம் இறுகுகிறது. 'பேலன்ஸ்' என்பதை 'நிலுவைத் தொகை' ஆக்கினால் பாதி எழுத்து பொத்தானுக்கு வெளியே போய்விடும்.

3. எழுத்தின் உயரம். இதைத்தான் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஆங்கில எழுத்துக்காக உயரம் வைத்த பொத்தானில் தமிழைப் போட்டால் மேலே புள்ளி வெட்டுப்படும், கீழே கூகாரத்தின் வால் வெட்டுப்படும். 'ரத்து' என்று எழுதியது திரையில் 'ரதது' என்று நிற்கும். பில்லில் 'பாக்கி' என்பது 'பாககி' ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஒரு பிக்ஸல் குறைந்தால் அழகு கெடும். தமிழில் புள்ளி போனால் சொல்லே வேறாகிவிடுகிறது.

வீட்டைச் சொல்வது போலத் திரையைச் சொல்வது

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பழைய வீட்டை ஒருவர் எப்படி விவரிப்பார்? முதலில் முகப்பு. அதைத் தாண்டினால் வளவு. வளவின் நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி நடை, நடையை ஒட்டி அறைகள். அப்புறம் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. இதில் ஓர் அடிக்கணக்குகூட இல்லை. ஆனாலும் கேட்பவர் மனதில் வீடு எழுந்துவிடுகிறது. எது எதற்குள் இருக்கிறது, எதற்கு அடுத்து எது வருகிறது என்ற உறவைச் சொன்னாலே போதும். மனை குறுகலாக இருந்தால் நடை ஒடுங்கும். அறை எழுந்து வந்து முற்றத்தில் விழாது.

மார்க்அப்பில் திரையை எழுதுவதும் இப்படித்தான். ஆத்தங்குடிக் கல் விற்கும் பட்டறைக்கு ஓர் ஆர்டர் திரை வேண்டும் என்று வையுங்கள். புரிவதற்காகக் குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதுகிறேன்:

<சாளரம் தலைப்பு="ஆர்டர்">
  <அடுக்கு>
    <வரிசை>
      <உரை சொல்="சதுர அடி"/>
      <பெட்டி இணைப்பு="பரப்பு"/>
    </வரிசை>
    <வரிசை>
      <உரை சொல்="கல் எண்ணிக்கை"/>
      <உரை இணைப்பு="கற்கள்"/>
    </வரிசை>
    <பொத்தான் சொல்="சேமி" அழுத்தினால்="ஆர்டரைச்சேமி"/>
  </அடுக்கு>
</சாளரம்>

கோண அடைப்புக்குள் இருப்பது குறிச்சொல். அதோடு ஒட்டிவரும் 'சொல்', 'இணைப்பு' போன்றவை பண்புகள். அடுக்கு என்றால் உள்ளே இருப்பவற்றை மேலிருந்து கீழாக வை என்று பொருள். வரிசை என்றால் பக்கம் பக்கமாக. நடைமுறையில் இந்தச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட மொழிகள் பலவற்றுக்கு அடிப்படையான எக்ஸ்எம்எல் என்ற பொது இலக்கணம் குறிச்சொல்லில் தமிழ் எழுத்து வரக்கூடாது என்று எங்கும் தடுக்கவில்லை. மேலே உள்ளதை எக்ஸ்எம்எல் படிக்கும் எந்த நிரலும் குறைசொல்லாமல் படித்துவிடும்.

இந்தக் கோப்பில் ஒரு நீள அகலமும் இல்லை. அப்படியானால் பொத்தான் எங்கே நிற்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? செயலியோடு வரும் இடைமுக நூலகம், அதாவது திரையை உருவாக்கித்தரும் ஆயத்த நிரல் தொகுப்பு. அது செய்யும் வேலை இந்த வரிசையில் நடக்கிறது:

1. கோப்பைப் படித்து ஒரு மரமாக்குகிறது. சாளரம் வேர், அதன் கீழ் அடுக்கு, அதன் கீழ் வரிசைகள்.
2. மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் நினைவகத்தில் ஒரு பொருளை உருவாக்குகிறது. பொத்தான் என்று எழுதிய இடத்தில் உண்மையான பொத்தான் பிறக்கிறது.
3. அளவு கேட்கிறது. அடுக்கு தன் பிள்ளைகளிடம் "உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?" என்று கேட்கும். பொத்தான் தன்மேல் எழுதியிருக்கும் சொல்லை, அந்த எழுத்துருவில், புள்ளியும் வாலும் சேர்த்து அளந்து பதில் சொல்லும்.
4. இடம் கொடுக்கிறது. இருக்கும் இடத்தைப் பார்த்துப் பெற்றோர் பங்கு பிரிக்கும். 'மிச்ச இடம் முழுவதும் இந்தப் பெட்டிக்கு' என்றும் எழுதிவைக்கலாம்.
5. வரைகிறது.

ஜன்னலை இழுத்தாலும், சொல் மாறினாலும் மூன்றும் நான்கும் மறுபடி நடக்கும். 'சேமி' என்பதை 'சேமித்து அச்சிடு' என்று மாற்றினால் பொத்தான் தானாக அகலும். புள்ளி வெட்டுப்படாது, ஏனென்றால் உயரத்தை யாரும் முன்கூட்டி எண்ணாக எழுதிவைக்கவில்லை. விண்டோஸில் டபிள்யூபிஎஃப் என்ற நூலகம் இந்த இரு சுற்றுகளுக்கும் அளத்தல், அடுக்குதல் என்று பொருள்படும் பெயர்களையே வைத்திருக்கிறது.

இந்த மரத்தால் இன்னொரு பயனும் உண்டு. பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் இதே போன்ற மரத்தை நம்பித்தான் 'சேமி, பொத்தான்' என்று வாசிக்கின்றன.

இணைப்பு: எண் மாறினால் திரை மாறும்

மேலே உள்ள எடுத்துக்காட்டில் 'இணைப்பு' என்று ஒரு பண்பு வந்தது. திரையில் உள்ள பெட்டியையும் நிரலில் உள்ள மதிப்பையும் கட்டிவைக்கும் கயிறு அது.

8 அங்குலக் கல் என்றால் ஒரு கல்லின் பரப்பு 64 சதுர அங்குலம். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். ஆக சதுர அடிக்கு 2.25 கல். 20-க்கு 20 அடி ஹாலுக்கு 400 சதுர அடி, 900 கல். உடைசலுக்கும் ஓரத்துக்கும் கூடுதலாகப் போடுவது தனி. பழைய முறையில் பெட்டியில் எண் மாறும்போதெல்லாம் அதை எடு, பெருக்கு, அந்த உரைப்பெட்டியில் எழுது என்று நிரலில் மூன்று வரி எழுத வேண்டும். பத்துப் பெட்டி இருந்தால் ஏதோ ஒன்றில் மறந்துவிடும். திரையில் 900 நிற்கும், பில்லில் 450 அச்சாகும். இணைப்பில் 'கற்கள் என்பது பரப்பு பெருக்கல் 2.25' என்று ஒருமுறை சொல்லி, பரப்பு மாறியதும் 'மாறிவிட்டது' என்று நிரலைக் குரல் கொடுக்க வைத்தால் போதும். அந்த மதிப்போடு கட்டப்பட்ட எல்லா இடமும் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை. தண்ணீரில் ஊறி இறுகியபின் கண்ணாடியிலிருந்து கல் பிரியும். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் இறங்கியிருக்கும். அச்சு ஒன்றுதான், ஊற்றுகிற வண்ணம் ஆர்டருக்கு ஆர்டர் வேறு. மார்க்அப்புக்கும் தரவுக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இதுதான். ஒரு வித்தியாசம்: கல்லில் ஊற்றியது ஊற்றியதுதான். இணைப்பிலோ கலவையின் நிறத்தை மாற்றினால் ஏற்கனவே பதித்த கல்லும் நிறம் மாறும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இணைப்பில் 'பரப்பு' என்பதற்குப் பதில் 'பரப்ப' என்று தட்டிவிட்டால், டபிள்யூபிஎஃப் செயலி நின்றுபோகாது, பிழைச் செய்தியும் காட்டாது. பெட்டி வெறுமையாகக் கிடக்கும், அவ்வளவுதான். நிரலாளரின் கணினியில் பிழைதேடும் பலகத்தில் மட்டும் ஒரு வரி ஓடும். நிரலைச் செயலியாகத் தொகுக்கும்போதே பெயரைச் சரிபார்க்கும் இணைப்பு முறைகள் பின்னால் வந்தன. கிடைத்தால் அவற்றையே பயன்படுத்துவது நல்லது.

யார் யார் இந்தக் கூட்டத்தில்

1. கிளேடு, 1998. லினக்ஸின் ஜிடிகே நூலகத்துக்கான வடிவமைப்புக் கருவி. திரையை எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமித்தது. 2007-இல் ஜிடிகே தனக்குள்ளேயே ஜிடிகே பில்டர் என்ற வாசிப்பானைச் சேர்த்துக்கொண்டது.

2. ஸூல். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவினுடையது. 2000-இல் வந்த நெட்ஸ்கேப் 6 உலாவியின் முகமும், பிறகு ஃபயர்ஃபாக்ஸின் முகமும் இதில் எழுதப்பட்டவை. 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57, ஸூலை நம்பிய பழைய நீட்சிகளைக் கைவிட்டது. ஒரே நிறுவனம் வளர்க்கும் மொழியில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

3. ஸாமல், 2006. மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூபிஎஃப்-உடன் வந்தது. விண்டோஸ் உலகில் இன்றும் நிலைத்திருக்கிறது. இதே பாணியை லினக்ஸுக்கும் மேக்குக்கும் கொண்டுபோகும் அவலோனியா என்ற நூலகம் திறமூலத்தில், அதாவது யாரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி, கிடைக்கிறது.

4. க்யூஎம்எல், 2010. க்யூட் நூலகத்தின் 4.7 பதிப்போடு வந்தது. கோண அடைப்பு கிடையாது, வளைவு அடைப்புதான். படிக்க இலகு. இணைப்பு மொழியின் எலும்பிலேயே இருக்கிறது: 'அகலம்: தாயின் அகலத்தில் பாதி' என்று எழுதினால் அது கணக்கு இல்லை, நிரந்தர உறவு.

5. எஃப்எக்ஸ்எம்எல், 2011. ஜாவா மொழிக்கான இடைமுக நூலகமான ஜாவாஎஃப்எக்ஸ் 2-உடன் வந்தது.

6. எலக்ட்ரான். வலைப்பக்கம் எழுதுவது போலவே டெஸ்க்டாப் செயலி எழுத உதவும் கருவி. 2013-இல் ஆட்டம் என்ற எழுத்துத் தொகுப்பிக்காகத் தொடங்கி, 2015-இல் இந்தப் பெயர் பெற்றது. இதில் மார்க்அப் என்பது நாம் எல்லோரும் அறிந்த எச்டிஎம்எல்லேதான். விஎஸ் கோட், ஸ்லாக், டிஸ்கார்ட் எல்லாம் இந்த வகை.

2019-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஸ்விஃப்ட்யுஐ போன்றவை மார்க்அப் கோப்பையே விட்டுவிட்டு, அதே விவரிக்கும் பாணியை நிரல்மொழிக்குள் கொண்டுவந்துவிட்டன. அதாவது வென்றது கோண அடைப்பு இல்லை, 'எப்படிச் செய்' என்பதை விட்டு 'எது எதற்குள்' என்று சொல்லும் பழக்கம்.

எலக்ட்ரான் விலை

எச்டிஎம்எல் தெரிந்தவர் எங்கும் கிடைப்பார், வேலையும் சீக்கிரம் முடியும். பிறகு ஏன் தயங்க வேண்டும்? எலக்ட்ரான் செயலி ஒவ்வொன்றும் தன்னுடன் குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் உலாவியை முழுதாகவும், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸையும் சுமந்து வருகிறது. வெறும் ஜன்னல் ஒன்றைத் திறந்தாலே நினைவகத்தில் 100 எம்பிக்கு மேல் போய்விடும். இப்படிப்பட்ட மூன்று செயலிகளைத் திறந்தால் மூன்று உலாவி ஓடுகிறது என்று பொருள். ஊர்த் திருவிழாவுக்கு ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத் தேர் இழுத்து வருவது மாதிரி.

விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச நினைவகம் 4 ஜிபி. அவ்வளவே உள்ள மலிவுக் கணினியில் உலாவியும் பில் செயலியும் சேர்ந்து ஓடினால் கல்லாவில் நிற்பவர் காத்திருக்க வேண்டிவரும். இதற்கு நடுவழி ஒன்று உண்டு. 2022-இல் 1.0 பதிப்பு கண்ட டவுரி என்ற கருவி, இயங்குதளத்தில் ஏற்கனவே இருக்கும் வலைக்காட்டியையே, அதாவது வலைப்பக்கத்தைக் காட்டும் பகுதியையே, பயன்படுத்திக்கொள்கிறது. உலாவியைக் கூடவே தூக்கிவராததால் கோப்பு மிகச் சிறியது. ஆனால் விண்டோஸில் ஒரு வலைக்காட்டி, லினக்ஸில் வேறு, மேக்கில் வேறு. ஒன்றில் சரியாகத் தெரிவது இன்னொன்றில் சற்றே விலகும்.

தமிழ் என்று வந்தால்

விஷுவல் பேசிக் 6 உள்ளுக்குள், உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் யூனிகோடில்தான் சொற்களை வைத்திருந்தது. ஆனால் அதன் பொத்தான்களும் பெட்டிகளும் திரைக்கு அனுப்பும்போது பழைய ஒற்றை பைட் குறியீட்டுப் பட்டியலுக்கு மாற்றின. தமிழுக்கு அப்படி ஒரு பட்டியல் விண்டோஸில் இல்லாததால் யூனிகோட் தமிழ் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். அதனால்தான் அந்தக்காலச் செயலிகள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டவைத்த எழுத்துருக்களை நம்பின. புதுச் செயலிக்கு மாறும்போது திரையை மட்டும் மாற்றினால் போதாது. வாடிக்கையாளர் பெயர், ஊர், பாக்கி விவரம் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். செலவுக் கணக்கில் இந்த வரி இல்லாவிட்டால் கேளுங்கள்.

அடுத்தது எழுத்தைக் கோர்ப்பது. 'கொ' என்பது யூனிகோடில் ககரம், ஒகர உயிர்க்குறி என இரண்டு குறியீடு. திரையிலோ ககரத்துக்கு முன்னும் பின்னும் குறி வர வேண்டும். இந்தக் கோர்வையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தை க்யூட், ஜிடிகே, குரோமியம் மூன்றும் பயன்படுத்துகின்றன. டபிள்யூபிஎஃப்-க்குத் தனியாக ஓர் ஏற்பாடு உண்டு. ஆக மேலே சொன்ன பெரிய நூலகங்களில் தமிழ் ஒழுங்காக வரும். இரண்டு நாளில் யாரோ எழுதிய சின்ன நூலகத்தை எடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும்.

அச்சு தனிக்கதை. திரையில் தமிழ் அழகாக வந்தாலும், மலிவான தெர்மல் பிரிண்டர் பலவற்றுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. பில்லைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

மார்க்அப்பில் எழுதினாலே போதுமா?

போதாது. மைக்ரோசாஃப்ட்டின் நிரலெழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவின் வடிவமைப்புப் பலகையில் பொத்தானை இழுத்துப்போட்டால், அது ஸாமல் கோப்பில் இடப்புற ஓரம் 312, மேலே 187 என்பது போல எண்களை எழுதிவைக்கும். கோப்பு மார்க்அப்தான், மனது இன்னும் 1998-இல் இருக்கிறது. புது மொழியில் எழுதிய செயலியிலும் புள்ளி வெட்டுப்படுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். வேடிக்கை என்னவென்றால், பழைய விஷுவல் பேசிக் படிவமும் திறந்து பார்த்தால் பொத்தானைப் பட்டியலிடும் ஓர் உரைக் கோப்புதான். அதில் இல்லாதது உறவு.

வடிவமைப்பாளர் மார்க்அப்பை எழுதுவார், நிரலாளர் நிரலை எழுதுவார், இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்க வேண்டாம் என்பதும் அடிக்கடி சொல்லப்படும் நன்மை. பெரிய நிறுவனத்தில் இருக்கலாம். நம் ஊரில் இரண்டையும் எழுதுபவர் ஒருவர்தான். சில சமயம் வந்து பிரிண்டரையும் அவரே மாட்டிக்கொடுக்கிறார்.

செயலியை வாங்கிக்கொள்ளும் அன்று, எந்த மொழியில் எழுதினார் என்று கேட்பதைவிட அவர் முன்னாலேயே இந்த மூன்றையும் செய்து பார்க்கலாம்:

1. விண்டோஸ் அமைப்புகளில் திரை அளவை 150 சதவீதம் ஆக்கிவிட்டுச் செயலியைத் திறக்கவும்.
2. ஜன்னலின் மூலையைப் பிடித்துப் பாதியாகச் சுருக்கி, மறுபடி இழுக்கவும்.
3. ஒரு பொத்தானின் பெயரை 'நிலுவைத் தொகையைக் கூட்டு' என்று மாற்றித் தரச் சொல்லவும். அந்த ஒரு சொல்லை மாற்ற அவர் எத்தனை எண்களைத் தொடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணவும்.